ரெய்டு 5 செத்துவிட்டதா? ஒரு பழைய கட்டுரையும் 23 செக்டார்களும்

வீட்டில் நாலு ஹார்ட் டிஸ்க் போட்டு ஒரு சர்வர் கட்டலாமா என்று யாரிடமாவது யோசனை கேளுங்கள். "ரெய்டு 5 மட்டும் வேண்டாம், அது செத்து ரொம்ப வருஷமாச்சு" என்று ஒருவராவது சொல்வார். ஏன் என்று கேட்டால் ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கைப் பரப்பிய கட்டுரை ராபின் ஹாரிஸ் 2007-ல் இசட்டிநெட்டில் எழுதியது. ரெய்டு 5 ஏன் 2009-ல் வேலை செய்யாமல் போகும் என்பதுதான் தலைப்பே. படிக்காதவர்கள்கூட அதன் முடிவை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு ஓடிய கட்டுரை.

அதன் முடிவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இன்றைய பெரிய டிஸ்க்குகளுக்கு ஒற்றைப் பேரிட்டி போதாது என்று நானும் சொல்வேன். என் சண்டை அது சொல்லும் காரணத்தோடு. தப்பான காரணத்துக்காகப் பயந்தால், டிஸ்க் நிஜமாகவே போகிற அன்னைக்குத் தப்பான காரியத்தைச் செய்வோம். ஒரு நண்பரின் சர்வரில் அது கிட்டத்தட்ட நடந்தே விட்டது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கட்டுரை.

கட்டுரை சொல்வது

ரெய்டு 5 பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலு டிஸ்க் இருந்தால், ஒவ்வொரு வரிசையிலும் மூன்றில் டேட்டா, ஒன்றில் பேரிட்டி. அந்த மூன்றையும் பிட் பிட்டாக எக்ஸார் செய்து வருவதுதான் பேரிட்டி. ஆகவே நாலில் எது போனாலும் மற்ற மூன்றை எக்ஸார் செய்தால் போனது திரும்ப வந்துவிடும். இரண்டு போனால் வராது.

ஹாரிஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் 2 டெராபைட் டிஸ்க் ஏழு. ஒன்று போனால் மீதி ஆறு, அதாவது 12 டெராபைட். புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்ட் செய்ய அந்த 12 டெராபைட்டையும் ஒரு பிட் விடாமல் படிக்க வேண்டும். சாட்டா டிஸ்க் தயாரிப்பாளர்களின் டேட்டாஷீட்டில் ஓர் எண் இருக்கும். படிக்க முடியாத பிழை, 10-ன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்று. நம்ம கணக்கில் ஒரு கோடி கோடி பிட். 12 டெராபைட் என்பது 96 லட்சம் கோடி பிட். ஒரு கோடி கோடி என்றால் 100 லட்சம் கோடி. ஆக, ரீபில்ட் முடிவதற்குள் ஒரு பிழை வந்தே தீரும் என்கிற மாதிரி நிலைமை. பிழை வந்ததும் கன்ட்ரோலர் கைவிரித்துவிடும், 12 டெராபைட்டும் போச்சு. இதுதான் வாதம்.

அழகான வாதம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெருக்கல், ஒரு ஒப்பீடு, முடிஞ்சது. இப்படி ஒரே மூச்சில் சொல்லக்கூடிய கணக்குக்கு ஆயுள் அதிகம்.

முதல் ஓட்டை: அந்த எண்

அந்த ஒரு கோடி கோடி எங்கிருந்து வந்தது? டேட்டாஷீட்டில் அது பெரும்பாலும் 'இதைவிடக் குறைவு' அல்லது 'அதிகபட்சம்' என்ற குறிப்போடு இருக்கும். அது தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பு. லாரியின் பின்பக்கம் 'வேக வரம்பு 40' என்று எழுதியிருப்பதை வைத்து, அது எப்போதும் சரியாக 40-ல்தான் ஓடுகிறது என்று கணக்குப் போடலாமா? கட்டுரை அப்படித்தான் போடுகிறது.

நிஜத்தில் எப்படி என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஹாரிஸ் எழுதுவதற்கு முன்பே. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் ஜிம் கிரேயும் கேதரின் வான் இங்கனும் 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விலை குறைந்த சாதாரண வன்பொருளில் 2 பெட்டாபைட் டேட்டாவை நகர்த்திப் பார்த்தார்கள். டேட்டாஷீட் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் 160 பிழை வந்திருக்க வேண்டும். அவர்கள் பார்த்தது ஐந்து நிகழ்வுகள். கன்ட்ரோலர் கோளாறும் ரீபூட்டும்தான் அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தன என்பது அவர்கள் அனுபவம்.

பெட்டாபைட்டெல்லாம் வேண்டாம், உங்க வீட்டிலேயே சோதிக்கலாம். 4 டெராபைட் டிஸ்க் நாலு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் ரெய்டில் 'செக்' என்று ஒரு வேலை உண்டு, எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் படித்துப் பேரிட்டி சரியா என்று பார்க்கும். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அது தானாக ஓடும்படி அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் 16 டெராபைட் படிக்கப்படுகிறது. ஹாரிஸ் கணக்குப்படி ஓட்டத்துக்குச் சராசரியாக 1.28 பிழை, வருஷத்துக்குப் பதினைந்துக்கு மேல். ஒரு வருஷம் முழுக்க ஒரு பிழைகூட வராமல் இருக்க வாய்ப்பு சுமார் 47 லட்சத்தில் ஒன்று. இப்போது உங்கள் கெர்னல் லாகைத் திறந்து பாருங்கள். ஒரு வருஷமாகச் சுத்தமாக இருந்தால், ஒன்று நீங்கள் 47 லட்சத்தில் ஒருவர், அல்லது அந்த எண்ணை அப்படிப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று. பிழைகள் மழைத்துளி மாதிரி எல்லா டிஸ்க்கிலும் சமமாக விழுவதில்லை. பைரவசுந்தரமும் சகாக்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்தார்கள். அதில் படிக்க முடியாத செக்டார் வந்தவை 3.45 சதவீதம்தான். வந்த டிஸ்க்கில் ஒன்றோடு நிற்காமல், அக்கம்பக்கத்திலேயே, அடுத்தடுத்து வந்தன. அதாவது பெரும்பாலான டிஸ்க்கில் பூஜ்யம், சிலவற்றில் ஒரு கொத்து. 'சராசரியாக 12.5 டெராபைட்டுக்கு ஒன்று' என்கிற படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது ஓட்டை: ஒரு செக்டார் எப்போது 12 டெராபைட் ஆனது?

எண் தப்பு என்பதைக்கூட மன்னிக்கலாம். எனக்கு உறுத்துவது அடுத்த படி. ஒரு செக்டார் படிக்கவில்லை, ஆகவே எல்லாம் போச்சு. இந்த 'ஆகவே' எங்கிருந்து வருகிறது?

ஒரு செக்டார் என்பது 512 பைட், புது டிஸ்க்கில் 4,096 பைட். அது படிக்கவில்லை என்றால் போனது அவ்வளவுதான், அதோடு கூடுதலாக அதே வரிசையில் அதை நம்பியிருந்த இன்னொரு துண்டு. மிச்சமெல்லாம் தட்டில் அப்படியே இருக்கிறது. 'அரே போச்சு' என்பது கன்ட்ரோலரோ கெர்னலோ எடுக்கும் முடிவு, காந்தத் தட்டுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு பக்கம் கிழிந்ததற்காக நூலகர் புத்தகத்தைப் பீரோவில் பூட்டிவைப்பது போல. புத்தகம் எரிந்துவிடவில்லை.

2007-ல் பல ஹார்ட்வேர் கன்ட்ரோலர்கள் அப்படித்தான் நடந்துகொண்டன என்பது நிஜம். ஆனால் அது ஒரு மென்பொருளின் பழக்கம், மாற்றக்கூடியது, மாற்றவும் செய்தார்கள். 2011-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.1-ல், எந்தெந்த இடம் கெட்டது என்று பட்டியல் வைத்துக்கொண்டு ரீபில்டைத் தொடரும் வசதி வந்தது. கட்டுரை ஒரு காலத்து நடைமுறையை இயற்கை விதி மாதிரி எழுதிவிட்டது, பின்னால் வந்தவர்கள் அதை விதியாகவே மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அப்படியானால் ரெய்டு 5-ன் நிஜமான பலவீனம் எது?

இதற்கு ரெய்டு என்ற பெயரே பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1988-ல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை. ஐபிஎம் 3380 மாதிரி ஒரு பெரிய, விலை கூடிய டிஸ்க்குக்குப் பதிலாக, 100 மெகாபைட் கான்னர் சிபி 3100 மாதிரி சின்ன டிஸ்க்குகளை நிறையச் சேர்த்து வைக்கலாமே என்பது யோசனை. சிக்கலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு டிஸ்க் 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு டிஸ்க் சேர்ந்தால் 300 மணிக்கு ஒரு முறை ஏதோ ஒன்று போகும். இரண்டு வாரம்கூட இல்லை. பேரிட்டி சேர்த்தால் அது 8,20,000 மணி ஆகிறது, தொண்ணூறு வருஷத்துக்கு மேல்.

300 எப்படி 8,20,000 ஆனது? இரண்டு அனுமானங்களால். ஒன்று, டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகக் கெடும். இரண்டு, கெட்ட டிஸ்க்கை மாற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். சூத்திரத்தில் அந்த ஒரு மணி நேரம் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அது ஒரு வாரம் ஆனால் விடை 168 மடங்கு சுருங்கும்.

வீட்டில் என்ன நடக்கும்? 8 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம். அதற்கு முன் புது டிஸ்க் ஆர்டர் போட்டு வர நாலைந்து நாள். அதற்கும் முன், டிஸ்க் போனதை யாராவது கவனிக்க வேண்டும்!

தனித்தனியாகக் கெடும் என்ற அனுமானம்? அதை உடைத்தவர்களில் ஒருவர் அதே கார்த் கிப்சன். 2007-ல் பியாங்கா ஷ்ரோடரோடு சேர்ந்து சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்தார். டேட்டாஷீட்படி வருஷத்துக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் கெட வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சர்வசாதாரணம், சில இடங்களில் 13 வரை. அதைவிட முக்கியம், ஒரு டிஸ்க் மாற்றிய காலத்தை ஒட்டியே அடுத்ததும் மாற்றப்படுவது அதிகம். பத்தொன்பது வருஷம் கழித்துத் தன் கட்டுரையின் அஸ்திவாரத்தைத் தானே சோதித்து, அது அவ்வளவு உறுதி இல்லை என்று எழுதியிருக்கிறார். என் பார்வையில் ரெய்டு 5-க்கு எதிரான சரியான கட்டுரை இதுதான். ஆனால் ஒரு வரியில் சொல்ல முடியாததால் இது பரவவில்லை.

கூகுள் ஆய்வாளர்கள் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதம், ஸ்மார்ட் அளவீடுகளில் எந்தப் பிழை அறிகுறியும் காட்டாமலே போயின. 'ஸ்மார்ட் ஓகேன்னு காட்டுது' என்பது பெரிய ஆறுதல் இல்லை.

நண்பரின் நாலு டிஸ்க்

இப்போது அந்தச் சம்பவம். 4 டெராபைட் டிஸ்க் நாலு, லினக்ஸ் ரெய்டு 5, மேலே எக்ஸ்ட்4 கோப்பமைப்பு. உள்ளே சுமார் 6 டெராபைட். பெரும்பாலானவை வேறு எங்காவது கிடைக்கும். கிடைக்காதது ஒரு கோப்புறை. நண்பரின் அப்பா நாகர்கோவில் பக்கம் வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடைகளில் பதிவு செய்த கேசட்டுகள் முப்பத்தி சொச்சம். பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கேசட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். அப்பாவும் இப்போது இல்லை.

டிஸ்க் 2 விலகி ஆறு வாரம் ஆகியிருந்தது. எச்சரிக்கை மெயில் யாரும் திறக்காத ரூட் அஞ்சல்பெட்டியில் கிடந்தது. பிறகு ஒரு நாள் டிஸ்க் 4-ம் விலகியது. அரே நின்றது. பெர்க்லி கட்டுரையின் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக, இங்கே 1,008 மணி நேரம்.

அவர் அணுகிய ஒரு டேட்டா மீட்புக் கடையில், ரெய்டு 5-ல் ரெண்டு டிஸ்க் போனால் ஒண்ணும் பண்ண முடியாது என்றார்கள். இரண்டாவது யோசனை இணையத்தில் கிடைத்தது. எம்டிஆட்ம் கருவியில் 'கிரியேட்' கட்டளை கொடுத்து அரேயைப் புதிதாக உருவாக்கு, பழைய டேட்டா தெரியும் என்று. அதைத் தட்டுவதற்கு முன் போன் செய்தார். "எப்படியும் போனதுதானே, இதையாவது பண்ணிப் பார்க்கறேன்" என்பதுதான் அவர் வாதம். அந்த 'எப்படியும் போனதுதானே' ஹாரிஸ் கட்டுரையின் வாரிசு.

'கிரியேட்' ஏன் ஆபத்து? அது பழைய விவரக்குறிப்பை அழித்துப் புதியதை எழுதும். அந்தப் புதியது பழையதோடு பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எம்டிஆட்ம் 3.1 வரிசையில் இயல்பான சங்க் அளவு 64 கிலோபைட்டிலிருந்து 512 ஆனது, விவரக்குறிப்பின் பதிப்பும் மாறியது. டேட்டா எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். டிஸ்க் வரிசை மாறிப்போய், நாலு டிஸ்க்கையும் கொடுத்து, ரீசிங்க் வேறு ஓட ஆரம்பித்தால், நல்ல டேட்டா மேலேயே 'பேரிட்டி' என்று குப்பையை எழுதிக்கொண்டு போகும். அதுவரை ஒரு டேட்டாவும் போகவில்லை. போவது அப்போதுதான்.

செய்தது என்ன என்பதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் எதையும் எழுதாமல், 'எக்ஸாமின்' கட்டளையால் நாலு டிஸ்க்கின் விவரக்குறிப்பையும் படித்துத் தனியாகச் சேமித்தோம். அதில் ஈவென்ட் எண் என்று ஒன்று உண்டு, அரேயில் மாற்றம் நிகழ நிகழ ஏறும். டிஸ்க் 1, 3 இரண்டிலும் 48,211. டிஸ்க் 4-ல் 48,207. டிஸ்க் 2-ல் 31,950. எது எப்போது விலகியது என்ற கதை இந்த நாலு எண்ணிலேயே இருக்கிறது. டிஸ்க் 4 கடைசி நொடியில் விலகியது, கிட்டத்தட்ட புதுசு. டிஸ்க் 2 பழசு, இப்போதைக்கு ஓரமாக வை.

அடுத்து டிஸ்க் 4-ஐ ஒரு புது டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூவால் பிரதி எடுத்தோம். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று வரைபடக் கோப்பும் எழுதும். ஒன்பது மணி நேரத்தில் முதல் சுற்று, பிறகு ராத்திரி முழுக்க மறுமுயற்சி. முடிவில் வராதது 23 செக்டார். 92 கிலோபைட். 4 டெராபைட்டில் 4.2 கோடியில் ஒரு பங்கு. 'செத்துப்போன' டிஸ்க்கின் லட்சணம் இதுதான்.

பிறகு டிஸ்க்குகளின் மேல் ஓவர்லே போட்டோம். அதாவது எழுதுவதெல்லாம் வேறொரு கோப்புக்குப் போகும், நிஜ டிஸ்க் தொடப்படாது. தப்பு நடந்தால் ஓவர்லேயைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மீட்பு வேலையில் இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. டிஸ்க் 1, 3, 4-ன் பிரதி மூன்றையும் 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' சேர்த்து ஒட்டினோம். அரே எழுந்தது. படிக்க மட்டும் மவுண்ட் செய்து எல்லாவற்றையும் வெளியே நகல் எடுத்தோம்.

மிச்சம் அந்த 23. அவை இரண்டு கொத்தாக இருந்தன. ஒரு கொத்தில் 15, இன்னொன்றில் 8. பிழைகள் கொத்தாக வரும் என்று மேலே சொன்னேனே, அதே மாதிரி. எந்தக் கோப்பில் விழுந்தது என்று முகவரி கணக்குப் போட்டுப் பார்த்தோம். 15 விழுந்தது ஒரு கொடை ராத்திரிப் பதிவின் நடுவில்.

இங்கேதான் ஓரமாக வைத்த டிஸ்க் 2 வேலைக்கு ஆனது. அது ஆறு வாரம் பழசு என்றால் ஆறு வாரத்துக்குள் எழுதப்பட்டவைதான் அதில் இல்லை. அந்தப் பதிவு எழுதப்பட்டுப் பல வருஷம் ஆச்சு. அந்த வரிசையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆகவே அந்த ஒரு வரிசையைப் பொறுத்தவரை டிஸ்க் 2 சொல்வது இன்றும் சரி. டிஸ்க் 1, பழைய 2, டிஸ்க் 3, மூன்றையும் எக்ஸார் செய்தால் டிஸ்க் 4-ல் படிக்காத 15 செக்டாரும் கிடைக்க வேண்டும். கிடைத்தது. சரிதானா என்று எப்படித் தெரியும்? ஃபிளாக் கோப்பில் ஒலியின் எம்டி5 கையொப்பம் உள்ளேயே இருக்கும். ஃபிளாக்கின் சொந்தச் சோதனையை ஓட்டினோம். பிழை இல்லை என்று வந்தது. ஒரு பிட் பிசகியிருந்தாலும் அப்படி வந்திருக்காது.

மற்ற 8 செக்டார் விழுந்தது ஒரு புது வீடியோவில், டிஸ்க் 2 விலகிய பிறகு எழுதியது. அதற்குப் பழைய டிஸ்க் உதவாது. வீடியோவில் ஒரு நொடிக்குக் கட்டம் கட்டமாகச் சிதைகிறது. மொத்த இழப்பு அது.

டிஸ்க் 2 முதலில் ஏன் விலகியது என்றும் பார்த்தோம். அதில் படிக்கக் கடினமான செக்டார் எட்டு. சாதாரண மேசைக்கணினி டிஸ்க், ஒரு செக்டார் முரண்டு பிடித்தால் நிமிடக் கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் கெர்னல் 30 விநாடிதான் பொறுக்கும், பிறகு இணைப்பையே ரீசெட் செய்துவிடும். அந்த நேரத்தில் பேரிட்டியிலிருந்து கணக்கிட்டு அந்த இடத்தைத் திருத்தி எழுத முயன்றால் டிஸ்க் இன்னும் பதில் சொல்லும் நிலையில் இல்லை, எழுதுதல் தோல்வி, டிஸ்க் வெளியே. நாஸ் டிஸ்க்குகள் ஏழு விநாடி அளவில் கைவிட்டுவிடும் என்பதால் அவற்றில் இந்தத் தகராறு வராது. மற்றவற்றில் கெர்னலின் பொறுமையை 180 விநாடி ஆக்குவது ஒரே வரி அமைப்பு. அந்த வரி இல்லாததால் எட்டு செக்டாருக்காக 4 டெராபைட் வெளியேற்றப்பட்டது.

ஹாரிஸுக்கு நியாயமாக

யோசித்துப் பாருங்கள். டிஸ்க் ஒன்று போன நண்பரின் அரேயில் மீதி இருந்தது மூன்று 4 டெராபைட். அதே 12 டெராபைட். அதில் படிக்க முடியாத செக்டார் வரவும் செய்தது. கட்டுரையின் முன்னறிவிப்பு பலித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் அது சொன்ன விளைவு நடக்கவில்லை. போனது ஒரு வீடியோவில் ஒரு நொடி.

ஹாரிஸ் எழுதியது வீட்டு சர்வர்காரர்களை மட்டும் மனதில் வைத்தல்ல, சேமிப்புச் சாதனம் வாங்குகிறவர்களை எச்சரிக்க. இரண்டாவது பேரிட்டிக்குப் பணம் செலவழிக்க மேலாளரைச் சம்மதிக்க வைக்க அந்தக் கணக்கு உதவியிருக்கும், அது நல்லதுதான். 2010-ல் ரெய்டு 6-ம் 2019-ல் வேலை செய்யாது என்று தொடர்ச்சி எழுதினார், அதற்கு ஆடம் லெவந்தாலின் மும்மைப் பேரிட்டிக் கட்டுரையை ஆதாரமாக எடுத்துக்கொண்டார். டிஸ்க் பெருக்கிற வேகத்துக்கு அதன் வாசிப்பு வேகம் பெருகவில்லை, ஆகவே ரீபில்ட் நேரம் நீள்கிறது என்ற லெவந்தாலின் வாதம் மிகச் சரி. ரெய்டு 5 பற்றியும் அந்த வாதத்தையே முன்னால் வைத்திருந்தால் எனக்கு எழுத வேலை இருந்திருக்காது.

எல்லாக் கதையும் நண்பர் கதை மாதிரி முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் கடக் கடக் என்று சத்தம் போட்டாலோ, சுழலவே இல்லை என்றாலோ, மேலே சொன்னது எதுவும் உதவாது. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்கத் தட்டு இன்னும் கீறும். அணைத்துவிட்டு, சுத்தமான அறை வைத்திருப்பவர்களிடம் போவதுதான் வழி. எஸ்எஸ்டி-யில் டிரிம் ஆகி அழிந்த இடங்களும் திரும்ப வராது. பேக்கப் தனியாக வேண்டும் என்பதும் மாறவில்லை. நண்பரின் அப்பா குரல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று வேறு ஊரில்.

ஆனால் டிஸ்க் சுழல்கிறது, அரே மட்டும் எழவில்லை என்றால், உங்கள் டேட்டா பெரும்பாலும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எதையும் எழுதாதீர்கள். நாலு டிஸ்க்கின் விவரக்குறிப்பையும் சேமியுங்கள், பழுது என்று சொன்னதைப் பிரதி எடுங்கள், ஓவர்லே மேல் ஒட்டிப் பாருங்கள். முதலில் விலகிய பழைய டிஸ்க்கை, வேலை முழுக்க முடியும் வரை, ஃபார்மேட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். 'கிரியேட்' என்று யாராவது சொன்னால் மறுநாள் காலை வரை காத்திருங்கள்.